எக்ஸ்எஸ்எல்டி வழியே செயற்கூறு நிரலாக்கம்: புதிதாகத் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

பைத்தானோ ஜாவாவோ ஓரளவு பழகிய ஒருவர் ஃபங்ஷனல் புரோகிராமிங் எனப்படும் செயற்கூறு நிரலாக்கத்தைக் கற்க விரும்பினால், ஹாஸ்கெல் அல்லது ஸ்கீம் மொழியில் தொடங்குமாறுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது நல்ல வழிதான். ஆனால் ஆவணங்களோடு வேலை செய்பவர்களுக்கு, அதாவது பதிப்பகம், அகராதி, நூலகப் பட்டியல், இணையப் பக்கங்கள் போன்றவற்றைக் கையாள்பவர்களுக்கு, அதைவிட அருகிலேயே ஒரு வழி இருக்கிறது. குறிச்சொற்களால் தரவை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்எம்எல் ஆவணம் ஒன்றை வேறோர் ஆவணமாக மாற்றுவதற்கென்றே உருவான எக்ஸ்எஸ்எல்டி என்னும் மொழியே அது. இம்மொழியில் மாறிக்கு ஒருமுறை மதிப்புக் கொடுத்துவிட்டால் அதைத் திருத்த வழியே கிடையாது. பைத்தானில் செயற்கூறு முறையைப் பழக முயல்பவர் சற்றுத் தடுமாறினாலும் லூப் எனப்படும் பழைய மடக்குக்குத் திரும்பிவிடலாம். இங்கே திரும்ப இடமில்லை என்பதையே இம்மொழியின் பெரிய உதவியாக நான் கருதுகிறேன்.

இந்தத் தன்மை தற்செயலாக வந்ததன்று. எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானது; எக்ஸ்எஸ்எல்டியின் முதற்பதிப்பு, ஜேம்ஸ் கிளார்க்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1999 நவம்பர் 16 அன்று வெளியாயிற்று. அதற்கு முன்பு 1996இல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்த டிஎஸ்எஸ்எஸ்எல் என்ற ஆவண வடிவமைப்பு மொழி, ஸ்கீம் மொழியிலிருந்து பக்கவிளைவுகளை (மதிப்புகளை மாற்றுவது போன்றவற்றை) நீக்கிய ஒரு பகுதியைத் தன் அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஸ்கீமோ 1975இல் எம்ஐடியில் சஸ்மன், ஸ்டீல் ஆகிய இருவர் உருவாக்கிய லிஸ்ப் குடும்பத்து மொழி. எக்ஸ்எஸ்எல்டியின் கோண அடைப்புக்குறிகளைக் கண்டு இது வெறும் அலங்கார மொழி என்று எண்ணுபவர்கள் இந்த வம்சாவளியை நினைவில் கொள்ள வேண்டும்.

முதற்படி: கருவியை நிறுவுதல்

சாக்ஸன் என்ற செயலியின் இலவசப் பதிப்பான சாக்ஸன்-ஹெச்இயைப் பதிவிறக்கிக் கொள்ளுங்கள். அது இயங்க ஜாவா தேவை. பத்தாம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்கட்டும். செயற்கூறையே மதிப்பாகக் கையாளும் வசதி இலவசப் பதிப்பில் அப்போதுதான் சேர்ந்தது. பிரித்தெடுத்த கோப்புறைக்குள் இருக்கும் 'லிப்' என்ற உட்கோப்புறையை இடம் மாற்றாதீர்கள், புதிய பதிப்புகள் அதிலுள்ள துணைக் கோப்புகள் இல்லாமல் இயங்குவதில்லை. மூலக் கோப்பு, மாற்றும் விதிகளை எழுதிவைக்கும் ஸ்டைல்ஷீட், வெளியீட்டுக் கோப்பு ஆகிய மூன்றின் பெயர்களையும் கட்டளை வரியில் கொடுத்தால் வேலை முடிந்தது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் கிடைக்கும் எக்ஸ்எஸ்எல்டி-ப்ராக், 1999ஆம் ஆண்டின் முதற்பதிப்பை மட்டுமே அறியும். உலாவிகளுக்குள் இருந்த ஆதரவும் அந்த அளவினதே. நாம் பயன்படுத்தப்போவது 2017 ஜூனில் பரிந்துரையான 3.0 பதிப்பு. ஆகையால் அவற்றில் கற்கத் தொடங்க வேண்டாம்.

ஒரு சொல். மொழிக்கே உரிய கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். ஆனால் உறுப்புகளுக்கும் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் நீங்கள் சூட்டும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். எக்ஸ்எம்எல் அதை முழுமையாக அனுமதிக்கிறது. கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தால் போதும்.

இரண்டாம் படி: சிறு தரவும் வெற்று ஸ்டைல்ஷீட்டும்

பின்வரும் மளிகைச் சீட்டை ஒரு கோப்பாகச் சேமித்துக் கொள்ளுங்கள்.

<சீட்டு>
  <பொருள்><பெயர்>துவரம் பருப்பு</பெயர்><விலை>160</விலை><அளவு>2</அளவு></பொருள்>
  <பொருள்><பெயர்>அரிசி</பெயர்><விலை>60</விலை><அளவு>5</அளவு></பொருள்>
  <பொருள்><பெயர்>நல்லெண்ணெய்</பெயர்><விலை>350</விலை><அளவு>1</அளவு></பொருள்>
</சீட்டு>

இப்போது எந்த விதியும் இல்லாத ஒரு ஸ்டைல்ஷீட்டை எழுதுங்கள்: 'ஸ்டைல்ஷீட்' என்ற வேர் உறுப்பு, அதில் 3.0 என்ற பதிப்பு எண், எக்ஸ்எஸ்எல்டிக்குரிய பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்) முகவரி, அவ்வளவே. அந்த முகவரிக்குள் 1999 என்ற ஆண்டு இருக்கும், பதிப்பு 3.0 ஆனாலும் அதை மாற்றக் கூடாது. முகவரியில் ஓரெழுத்து பிசகினாலும் செயலி உங்கள் கோப்பை ஸ்டைல்ஷீட்டாக ஏற்றுக்கொள்ளாது. தொடக்க நாட்களில் நேரும் பிழைகளில் பாதி இங்கிருந்தே வரும்.

இயக்கிப் பாருங்கள். ஒன்றும் எழுதாத நிரல், சீட்டிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் குறிச்சொற்கள் நீங்கலாக வெளியிடும். காரணம், மொழிக்குள்ளேயே சில இயல்பு விதிகள் இருக்கின்றன: ஓர் உறுப்பைக் கண்டால் அதன் பிள்ளைகளிடம் செல், எழுத்தைக் கண்டால் அப்படியே வெளியிடு. ஆவணத்தை ஒரு மரமாகக் கொண்டு, அதன் உச்சியிலிருந்து இலை வரை இறங்கும் இந்த நடையே தற்சுழற்சி (ரிகர்ஷன்). நீங்கள் ஒரு வரியும் எழுதுமுன்பே அது நடந்துகொண்டிருக்கிறது என்பதை இந்தச் சோதனையில் கண்ணால் காணலாம்.

மூன்றாம் படி: விதிகளை எழுதுதல்

'டெம்ப்ளேட்' என்ற உறுப்பில் 'மேட்ச்' என்ற பண்பு, மரத்தின் எந்தக் கணுவுக்கு (நோடு) இந்த விதி பொருந்தும் என்பதைச் சொல்கிறது. 'சீட்டு' உறுப்புக்கு ஒரு விதி எழுதி, அதற்குள் ஒரு பட்டியலைத் திறந்து, 'அப்ளை-டெம்ப்ளேட்ஸ்' என்று எழுதி, பட்டியலை மூடுங்கள். 'பொருள்' உறுப்புக்கு இன்னொரு விதியில் பெயரை மட்டும் ஒரு வரியாக வெளியிடுங்கள். 'அப்ளை-டெம்ப்ளேட்ஸ்' என்பதன் பொருள் 'பிள்ளைக் கணுக்கள் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விதியைப் பொருத்தி, விளைவுகளை அதே வரிசையில் கொடு' என்பதாகும். செயற்கூறு நிரலாக்கத்தில் 'மேப்' என்று அழைக்கப்படும் செயல் இதுவே.

அடுத்து, இப்படி ஒரு விதியைச் சேருங்கள்: பொருத்த வேண்டிய வடிவம் பொருள்[விலை > 300]. அதற்குள் பெயரைத் தடித்த எழுத்தில் வெளியிடுங்கள். இப்போது நல்லெண்ணெய்க்கு இரண்டு விதிகள் பொருந்துகின்றன. வெறும் பெயரால் பொருந்தும் விதியின் இயல்பு முன்னுரிமை 0; நிபந்தனையோடு பொருந்தும் விதியின் முன்னுரிமை 0.5. ஆகவே நிபந்தனையுள்ள விதி வெல்லும். 'இப்படியானால் இது, இல்லையேல் அது' என்ற கிளைப்பாடு எங்கும் இல்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு விதி தனித்து நிற்கிறது. ஹாஸ்கெலில் ஒரு செயற்கூறைப் பல வடிவங்களுக்குப் பல வரிகளாக எழுதுவதை நாளை நீங்கள் காணும்போது, அது உங்களுக்குப் பழகிய முகமாகவே தோன்றும்.

'ஃபார்-ஈச்' என்ற உறுப்பை முதல் இரண்டு வாரங்களுக்குத் தொடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். பெயரைப் பார்த்தால் அது மடக்குப் போலிருக்கும், ஆனால் மடக்கு அன்று. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு எதையும் எடுத்துச் செல்ல அதனால் முடியாது. விதிகள் கைவருவதற்கு முன் அதைப் பிடித்துக்கொண்டவர்கள், பழைய மொழியையே புதிய குறிகளில் எழுதிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: மாறாத மாறியோடு மோதுதல்

சீட்டின் மொத்தத் தொகையைக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழக்கத்தின்படி, $மொத்தம் என்ற மாறியை 0 என்று தொடங்கி, 'ஃபார்-ஈச்' உள்ளே அதே பெயரில் பழைய மதிப்போடு விலையைக் கூட்டி எழுதுவோம். வேண்டுமென்றே இதை ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு வார விலக்குக்கு இது ஒன்றே விதிவிலக்கு. 3.0 பதிப்பில் பிழைச் செய்தி எதுவும் வராது. இறுதியில் 0 என்று மட்டும் வரும். நான் கற்ற காலத்தில் இந்தப் பூச்சியத்தோடு மூன்று நாட்கள் போராடினேன், செயலியில்தான் கோளாறு என்றுகூட நம்பினேன்.

நடந்தது இதுதான். உள்ளே எழுதியது பழைய மாறிக்குப் புது மதிப்பன்று; அதே பெயர் கொண்ட வேறொரு மாறி. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று பிறந்து, அந்தச் சுற்றோடு மறைகிறது. வெளியே உள்ளது தொடப்படவே இல்லை. இங்கே மாறி என்பது பொருள்களை மாற்றி மாற்றி வைக்கும் பெட்டியன்று, ஒரு மதிப்புக்குச் சூட்டிய பெயர். கணிதத்தில் 'அ என்பது 5 ஆகுக' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அதை 6 ஆக்குவதில்லை அல்லவா, அதே ஒழுங்குதான். இந்த ஒழுங்கால் கிடைக்கும் பயன் பெரிது: எந்த விதி முன்னால் இயங்கியது, எது பின்னால் இயங்கியது என்பதால் விடை மாறாது. ஆகையால் செயலி விரும்பிய வரிசையில் கணக்கிடலாம், தேவையற்றதைக் கணக்கிடாமலே விடலாம்.

ஐந்தாம் படி: தற்சுழற்சியால் கூட்டுதல்

மொத்தத்தைக் கணக்கிட, கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். 'எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது' என்பதை விட்டு, 'ஒரு பட்டியலின் மொத்தம் என்பது என்ன' என்று கேளுங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால் மொத்தம் 0. இல்லையென்றால், முதற்பொருளின் தொகையோடு எஞ்சிய பட்டியலின் மொத்தத்தைச் சேர்த்தது. இந்த இரண்டு வாக்கியங்களே நிரல்.

'ஃபங்ஷன்' என்ற உறுப்பால் என்:கூட்டு என்ற செயற்கூறை வரையறுங்கள். செயற்கூறின் பெயருக்கு முன்னொட்டு கட்டாயம் என்பதால், 'என்' என்ற முன்னொட்டுக்கு நீங்களே ஒரு பெயர்வெளியை அறிவித்துக்கொள்ள வேண்டும். அதன் அளபுரு (பாராமீட்டர்) $பொருள்கள். பட்டியல் வெறுமையா என்பதைச் 'சூஸ்' உறுப்பால் சோதித்து, வெறுமையானால் 0. இல்லையேல் $பொருள்கள்[1]/விலை * $பொருள்கள்[1]/அளவு என்பதோடு, 'டெயில்' செயற்கூறு தரும் எஞ்சிய பட்டியலுக்கு என்:கூட்டு அழைத்த விடையைச் சேருங்கள். நம் சீட்டில் அது 320 + (300 + (350 + 0)) என விரிந்து 970 ஆகச் சுருங்கும். தாளில் ஒருமுறை கையால் விரித்து எழுதுங்கள். திரையில் பார்ப்பதால் மட்டும் இது மனத்தில் தங்காது.

பட்டியலில் ஐம்பதாயிரம் பொருள்கள் இருந்தால் அந்த அடைப்புக்குறிகள் அனைத்தும் திறந்தபடியே காத்திருக்கும், நினைவகத்தில் அடுக்கு நிரம்பிவிடும். அதற்கு மாற்று, இதுவரை கூட்டிய தொகையை இரண்டாவது அளபுருவாக $இதுவரை என்று கொண்டு செல்வது. அப்போது மதிப்புகள் 0, 320, 620, 970 என்று நகரும். கடைசிச் செயல் தன்னையே அழைப்பதாக மட்டும் இருக்கும். இத்தகைய அழைப்பைச் சாக்ஸன் இனங்கண்டு, உள்ளுக்குள் மடக்காகவே மாற்றிக்கொள்கிறது. நீங்கள் தேடிய 'மாறும் மொத்தம்' இங்கே வந்துவிட்டதைக் கவனியுங்கள். அது ஒரு பெட்டிக்குள் மாறவில்லை, ஓர் அழைப்பிலிருந்து அடுத்த அழைப்புக்குக் கைமாறுகிறது.

ஆறாம் படி: மேப், ஃபில்டர், ஃபோல்ட்

தற்சுழற்சி கைவந்தபின், அதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை என்பதைக் கற்க வேண்டும். எக்ஸ்எஸ்எல்டிக்குள் கணுக்களைத் தேர்ந்தெடுக்கவும் கணக்கிடவும் பயன்படும் எக்ஸ்பாத் மொழியில் ஒரே வரியில் இவற்றைச் சொல்லலாம்.

பொருள் ! (விலை * அளவு)

இது மேப், விடை 320, 300, 350.

பொருள்[விலை > 100]/பெயர்

இது ஃபில்டர், துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் தேறும். முதல் வரியின் விடையைச் 'சம்' என்ற செயற்கூறுக்குக் கொடுத்தால் 970. 'சம்' என்பது, ஒரு வரிசையை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ஃபோல்டின் ஒரு தனிவகை. பொதுவகையான 'ஃபோல்ட்-லெஃப்ட்' மூன்று அளபுருக்களைக் கேட்கும்: ஒரு வரிசை, ஒரு தொடக்க மதிப்பு, இரண்டை ஒன்றாக்கும் ஒரு செயற்கூறு. மூன்றாவதாகச் செல்வது எண்ணோ எழுத்தோ அன்று, செயற்கூறே மதிப்பாகச் செல்கிறது. இந்த வசதி மொழியில் முறைப்படி சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, முதற்பதிப்பின் டெம்ப்ளேட்களைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று டிமிட்ரே நோவாச்சேவ் 2001இல் எஃப்எக்ஸ்எஸ்எல் என்ற நிரலகத்தால் நிறுவிக் காட்டினார்.

இவற்றை மளிகைச் சீட்டோடு நிறுத்திவிடாமல் தமிழ்ச் சொல்லொன்றில் பயன்படுத்திப் பாருங்கள். 'ஸ்ட்ரிங்-டு-கோட்பாயின்ட்ஸ்' என்ற செயற்கூறு ஒரு சொல்லை யுனிகோடு எண்களின் வரிசையாகத் தரும். 'தமிழ்' என்று கொடுத்தால் 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்கள் வரும். ஆனால் எழுத்துகள் மூன்றே. 'ஆ'காரக் கால் முதல் புள்ளி வரையிலான துணைக்குறிகள் 3006 முதல் 3021 வரையிலான எண்களில் இருக்கின்றன. சொற்களில் வரும் உயிர்களும் மெய்களும் ஆய்தமும் அதற்குக் கீழே உள்ளன. ஆகவே,

$எண்கள்[. < 3006]

என்று வடிகட்டி எண்ணினால் 3 என்ற சரியான விடை கிடைக்கும். எழுத்தெண்ணும் நிரலை மடக்கு வைத்து எழுதியவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை புரியும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை என்ற மாத்திரைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மடக்கில் எழுதினால், 'முந்தைய எண் மெய்யா, அடுத்தது புள்ளியா' என்று முன்னும் பின்னும் பார்த்துப் பார்த்துக் குழம்புவோம். செயற்கூறு முறையில், ஒவ்வோர் எண்ணும் மொத்தத்துக்குத் தருவது எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அகரமேறிய மெய்யின் எண் 1 தருகிறது. குறில் துணைக்குறி எதையும் கூட்டுவதில்லை, அதன் பங்கு 0. நெடில் துணைக்குறி இன்னும் ஒன்றைக் கூட்டுகிறது, அதன் பங்கு 1. புள்ளி, ஏற்கெனவே எண்ணிய ஒன்றிலிருந்து அரையைக் கழிக்கிறது, அதன் பங்கு -0.5. தனி உயிர்களில் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, ஆய்தத்துக்கு 0.5. எண்ணை வாங்கிப் பங்கைத் தரும் என்:பங்கு என்ற சிறு செயற்கூறை எழுதி, வரிசை முழுவதற்கும் அதை மேப் செய்து கூட்டினால் போதும்:

$எண்கள் ! என்:பங்கு(.)

'தமிழ்' என்பதற்கு 1, 1, 0, 1, -0.5, மொத்தம் 2.5. 'பாடல்' என்பதற்கு 3.5. ஓர் எண் தன் அண்டையைப் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. சிக்கலை இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண் கிடைப்பதுதான் இந்தப் பயிற்சி முழுவதன் நோக்கம். குற்றியலுகரமும் ஐகாரக்குறுக்கமும் இந்தக் கணக்கில் அடங்கா. அவற்றுக்குச் சொல்லின் அமைப்பைப் பார்க்க வேண்டும், அது நல்லதோர் அடுத்த பயிற்சி.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 'கொடு' என்பதிலுள்ள ஒகரக் குறியைச் சில தட்டச்சு முறைகள் ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாக உள்ளிடுகின்றன. அப்போது கால் நெடிலாக எண்ணப்பட்டு, 2 வரவேண்டிய இடத்தில் 3 வரும். எண்களாகப் பிரிக்குமுன் 'நார்மலைஸ்-யுனிகோடு' செயற்கூறால் சொல்லைச் சீராக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: மாற்றாமல் மாற்றுதல்

சீட்டிலுள்ள விலைகளை மட்டும் 5 விழுக்காடு உயர்த்த வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். விதிகளைக் கூட்டங்களாகப் பிரிக்க உதவும் 'மோட்' என்ற உறுப்பில், விதி பொருந்தாத கணுவை 'ஷேலோ-காப்பி' செய் என்று அறிவியுங்கள். வேறு விதியே இல்லையென்றால் ஆவணம் அப்படியே நகலாகும். அதன்மேல் 'விலை' உறுப்புக்கு ஒரே ஒரு விதி, அதே பெயரில் ஓர் உறுப்பைத் திறந்து அதற்குள் . * 1.05 என்ற மதிப்பை இடும். 168, 63, 367.5 என்ற புதிய விலைகளோடு புதிய சீட்டு வரும். பழைய கோப்பு தொடப்படுவதில்லை. அந்த விளைவை ஒரு மாறியில் வைத்து, வேறொரு மோடின் விதிகளுக்கு அதை உள்ளீடாகக் கொடுத்தால், ஒரு செயற்கூறின் விடை இன்னொன்றின் உள்ளீடாகும் தொடர் அமைந்துவிடும். பெரிய ஆவணத் திட்டங்களில் ஒரே பெரிய விதிக்கூட்டத்தைவிட, ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்யும் நான்கைந்து கட்டங்கள் பராமரிக்க எளிதானவை. 1987இல் தொடங்கிய டிஇஐ என்ற உரைக் குறியீட்டு முயற்சியின் ஆவணங்களைக் கையாள்வோர் இந்தப் பாணியை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

பழகும்போது இடறும் இடங்கள்

வரிசைப்படுத்தும் 'சார்ட்' உறுப்பு, வகை சொல்லப்படாத மதிப்பை எழுத்தாகவே ஒப்பிடும். ஆகவே விலைகள் 160, 350, 60 என்ற வரிசையில் வரும். 'நம்பர்' செயற்கூறால் எண்ணாக்கிக் கொடுத்தால் 60 முதலில் வரும். ஒரு பகுதி வெளியீட்டிலிருந்து காணாமல் போனால், அதன் மேலுள்ள உறுப்பின் விதியில் 'அப்ளை-டெம்ப்ளேட்ஸ்' விடுபட்டிருக்கும். எதிர்பாராத எழுத்துகள் வெளியே சிந்தினால், ஏதோ ஓர் உறுப்புக்கு விதி எழுதாமல் இயல்பு விதி இயங்கியிருக்கும்.

பிழை தேட 'மெசேஜ்' என்ற உறுப்பால் இடையிடையே செய்திகளை அச்சிடலாம். ஆனால் அச்செய்திகள் நீங்கள் எழுதிய வரிசையில்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயன்படாத மாறிக்குள் எழுதிய செய்தி வராமலே போகலாம், ஏனெனில் அந்த மதிப்பைச் செயலி கணக்கிடவே இல்லை. சந்தேகத்துக்குரிய செயற்கூறைத் தனியே எடுத்து, தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, விடையை மட்டும் பாருங்கள். என்:பங்கு செயற்கூறுக்கு 3021 கொடுத்தால் -0.5 வருகிறதா என்று சோதிக்க, சொல்லோ சீட்டோ வேறு எந்த விதியோ தேவையில்லை.